கன்வெர்ட்டரின் வாசலில் நிற்கும் காவல்காரன்



பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் கன்வெர்ட்டர் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறோம். ஆறு பல்ஸ், பன்னிரண்டு பல்ஸ், ஃபையரிங் ஆங்கிள் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால் படத்தின் இடது ஓரத்தில், சப்ளை உள்ளே வரும் இடத்தில், ஒரு சின்னக் கோடும் ஒரு சின்னக் கட்டமும் போட்டிருப்பார்களே, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "அது ஸ்விட்ச்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

தொழிற்சாலையில் ஒரு கன்வெர்ட்டர் பேனலின் கதவைத் திறந்தால் அந்தச் சின்னக் கோட்டுக்குப் பதில் ஒரு சிறிய ஊர்வலமே நிற்கும். முதலில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் அல்லது கையால் இழுக்கும் ஐசொலேட்டர். அடுத்து வெள்ளைப் பீங்கான் உடம்போடு மூன்று ஃப்யூஸ்கள். பிறகு ஒரு காண்டாக்டர். அதற்கும் பிறகு கனமான ஒரு சோக். எல்லாமே கரண்டை நிறுத்தவோ குறைக்கவோதானே, ஒன்று போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அது நூற்று முப்பது வருடக் கதையாக நீள்கிறது. ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கன்வெர்ட்டர் பட்ட பாட்டுக்குப் பதிலாக வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

நயாகராவில் தொடங்கிய தேவை

1886ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுமினிய ஆக்சைடை உருகிய உப்பில் கரைத்து, அதற்குள் கரண்ட் செலுத்தி உலோகத்தைப் பிரிப்பது. இதற்கு டிசி வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கான ஆம்பியர். நயாகரா அருவியில் 1895ல் பெரிய மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது அதன் முதல் வாடிக்கையாளர் ஹாலின் முறையில் அலுமினியம் செய்த பிட்ஸ்பர்க் ரிடக்ஷன் கம்பெனி. பின்னால் 1907ல் அலுமினியம் கம்பெனி ஆஃப் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக் கொண்டதும் இதே கம்பெனிதான்.

சிக்கல் என்னவென்றால் நயாகரா ஜெனரேட்டர்கள் கொடுத்தது 2200 வோல்ட், 25 சைக்கிள், இரண்டு ஃபேஸ் ஏசி. ஆலைக்கு வேண்டியதோ குறைந்த வோல்டேஜில் டிசி. நடுவில் நின்று மாற்றிக் கொடுத்தது ரோட்டரி கன்வெர்ட்டர் என்ற சுழலும் இயந்திரம். சார்லஸ் பிராட்லி 1888ல் உருவாக்கியது. ஒரே ஆர்மெச்சர், ஒரு பக்கம் ஸ்லிப் ரிங் வழியாக ஏசி உள்ளே போகும், மறுபக்கம் கம்யூட்டேட்டர் வழியாக டிசி வெளியே வரும்.

இது டன் கணக்கில் இரும்பும் செம்பும் சேர்ந்த ஒரு யானை. கோளாறு நடந்தால் கம்யூட்டேட்டரைச் சுற்றி ஃப்ளாஷ் ஓவர் என்ற நெருப்பு வளையம் ஓடும். பார்க்கப் பயங்கரம். ஆனால் பெரும்பாலும் கரியைத் துடைத்து, செம்பைத் தேய்த்து, பிரஷ்களை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிவிடலாம். இவ்வளவு உலோகம் சூடேற நேரம் பிடிக்கும் அல்லவா? அதனால் ஏசி பக்கம் இருந்த பிரேக்கர் மெதுவாகத் திறந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு ஸ்விட்ச்கியரைத் தேர்வு செய்தவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய கரண்டை இது வெடிக்காமல் நிறுத்துமா?" எவ்வளவு வேகமாக நிறுத்தும் என்பது இரண்டாம் பட்சம்.

நீல ஒளி

1902ல் நியூயார்க்கில் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்கு செய்து கொண்டிருந்தவர், அதே விளக்கு கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிறது என்பதைப் பயன்படுத்தி மெர்க்குரி ஆர்க் ரெக்டிஃபையரை உருவாக்கினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை, அடியில் பாதரசக் குளம், மேலே கைகள் போல நீளும் குழாய்களில் கிராஃபைட் ஆனோடுகள். ஓடும்போது குடுவை முழுக்க நீலமும் பச்சையுமாக ஒளிரும். கூகிளில் படம் தேடிப் பாருங்கள், ஏதோ மாயாஜாலப் படத்தின் செட் மாதிரி இருக்கும்.

இதன் பெரிய லாபம், சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆர்க்கில் விழும் வோல்டேஜ் 20 வோல்ட்டை ஒட்டியே இருக்கும், வெளியே எத்தனை நூறு வோல்ட் கொடுத்தாலும். அதனால் டிராம், ரயில் சப்ஸ்டேஷன், மின்பகுப்பு ஆலை என்று எல்லா இடத்திலும் ரோட்டரி கன்வெர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. பெரிய கரண்டுக்குக் கண்ணாடிக்குப் பதில் எஃகுத் தொட்டிகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவரி இதில் முன்னணியில் இருந்தது.

ஆனால் இந்த அழகான சாமானுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதன் பெயர் ஆர்க் பேக்.

தானே வரவழைத்துக் கொண்ட ஷார்ட் சர்க்யூட்

ரெக்டிஃபையர் என்றால் ஒரு ஆனோடு நெகட்டிவாக இருக்கும் நேரத்தில் அது கரண்டைத் தடுத்து நிற்க வேண்டும். ஒரு துளி பாதரசம் ஆனோடின் மேல் ஒட்டிக் கொண்டாலோ, தொட்டி அதிகம் சூடாகி ஆவியழுத்தம் கூடினாலோ, உள்ளே அசுத்தம் இருந்தாலோ அந்த ஆனோடு திடீரென்று கேத்தோடு போல நடந்து கொள்ளும். அவ்வளவுதான். மற்ற ஆனோடுகளிலிருந்து கரண்ட் எல்லாம் இதற்குள் பாயும். டிரான்ஸ்ஃபார்மரின் ஃபேஸ்கள் ஒன்றோடொன்று நேராக ஷார்ட் ஆகிவிடும். பக்கத்தில் வேறு ரெக்டிஃபையர்கள் இணையாக ஓடினால் டிசி பஸ் வழியாக அவையும் சேர்ந்து இதற்குள் கொட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாதாரண மோட்டார் லைனில் ஷார்ட் சர்க்யூட் என்பது எப்போதாவது வரும் விபத்து. மெர்க்குரி ரெக்டிஃபையரில் அது வேலையின் ஒரு பகுதி. அதற்கு முன்னால் நின்ற எண்ணெய் பிரேக்கரைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஆர்க் பேக்கும் ஒரு முழு ஷார்ட் சர்க்யூட். ஒவ்வொரு முறையும் எண்ணெய் கொஞ்சம் கரியாகும், காண்டாக்ட் கொஞ்சம் உருகும். டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குகள் ஒவ்வொரு முறையும் உதை வாங்கும், அதனால் அவற்றை இறுக்கிக் கட்டிச் செய்ய வேண்டியிருந்தது. பிரேக்கர் ஒரு தடவை பெரிய கரண்டை நிறுத்தினால் போதாது, அடிக்கடி நிறுத்த வேண்டும், நிறுத்திய கையோடு மறுபடி போடவும் வேண்டும். "எவ்வளவு?" என்ற கேள்வியோடு "எத்தனை தடவை?" என்பதும் தேர்வுக்குள் வந்தது இப்படித்தான்.

இதற்கு இரண்டு வைத்தியம் வந்தன. ஒன்று, ஆனோடுக்கு முன்னால் கிரிட் என்ற கம்பி வலையை வைத்து, கோளாறு தெரிந்தவுடன் அதற்கு நெகட்டிவ் வோல்டேஜ் கொடுப்பது. நல்ல ஆனோடுகள் அடுத்த முறை பற்றிக் கொள்ளாது, கோளாறுக்குத் தீனி நின்றுவிடும். இன்று கேட் பல்ஸை நிறுத்திக் கோளாறை அடக்குகிறோமே, அதன் தாத்தா இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு ஆனோடுக்கும் தனித்தனியாக, அதிவேகத்தில் திறக்கும் ஆனோடு பிரேக்கர். கெட்டதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஓடவிடலாம்.

இரண்டு பக்கமும் வேலை பார்த்த கணிதக்காரர்

இந்த இடத்தில் ஜோசப் ஸ்லெபியனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1891ல் பாஸ்டனில் பிறந்தவர். 1913ல் ஹார்வர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம், பிறகு கார்னெலில் கணிதம் சொல்லிக் கொடுத்தார். அதை விட்டுவிட்டு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். கடைசியில் அவர் பெயரில் 200க்கும் மேல் காப்புரிமைகள், 1947ல் எடிசன் பதக்கம்.

ஸ்லெபியன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது ஆர்க்கை. ஸ்விட்ச்காரர்களுக்கு ஆர்க் எதிரி, அதை அணைக்க வேண்டும். ரெக்டிஃபையர்காரர்களுக்கு ஆர்க்தான் சோறு போடுகிறது, அதை ஒழுங்காக எரிய வைக்க வேண்டும். இவர் இரண்டையும் செய்தார்.

1920களின் இறுதியில் அவர் கொண்டு வந்த டீ-அயான் பிரேக்கரில் ஆர்க்கை உலோகத் தகடுகளின் அடுக்குக்குள் தள்ளி, ஒரு நீள ஆர்க்கைப் பல குட்டி ஆர்க்குகளாக நறுக்குவார்கள். ஏசி கரண்ட் பூஜ்யத்தைத் தொடும் நொடியில் ஒவ்வொரு குட்டி இடைவெளியும் சுமார் 250 வோல்ட்டை உடனே தாங்கும். எத்தனை இடைவெளியோ அத்தனை மடங்கு. எண்ணெய் தேவையில்லை. பழைய எம்சிபி ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே சீப்பு போல வரிசையாகத் தகடுகள் இருக்கும். அது இந்த யோசனையின் வாரிசு.

1933 வாக்கில் அவரும் சக ஊழியர்களும் இக்னிட்ரானைக் கொண்டு வந்தார்கள். ஒரு தொட்டிக்கு ஒரே ஆனோடு, ஒவ்வொரு சைக்கிளிலும் தேவையான நேரத்தில் மட்டும் ஆர்க்கைப் பற்ற வைப்பது. ஆனோடு நெகட்டிவாக இருக்கும் அரை சைக்கிளில் தொட்டிக்குள் ஆர்க்கே இல்லை. அதனால் ஆர்க் பேக் வெகுவாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்கான அலுமினியத்தை உருக்க இக்னிட்ரான்கள் ஏராளமாகப் பயன்பட்டன. பிரேக்கரை மட்டும் பலப்படுத்திக் கொண்டிருக்காமல் கோளாறின் வேரையே வெட்டிய வழி இது.

1957: யானை போய் எறும்பு வந்தது

1950களில் ஜெர்மானியமும் சிலிக்கானும் பெரிய கரண்டுக்கு வந்தன. 1957ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி எஸ்சிஆர் என்ற தைரிஸ்டரைச் செய்து காட்டியது. பாதரசம் இல்லை, வேக்குவம் பம்ப் இல்லை, ஆர்க் பேக் இல்லை. தானாக ஷார்ட் சர்க்யூட்டை வரவழைத்துக் கொள்ளும் கெட்ட பழக்கம் போனது. அப்படியானால் வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா?

அங்கேதான் கதை தலைகீழானது. சிலிக்கான் சில்லு சில கிராம் எடை. யானை பல விநாடி தாங்கிய சூட்டை இந்த எறும்பால் மில்லி விநாடிகள்கூடத் தாங்க முடியாது. பாதரச ரெக்டிஃபையர் அடிக்கடி கோளாறு செய்தாலும் அடுத்த நிமிடம் எழுந்து ஓடும். சிலிக்கான் கோளாறே செய்யாது, ஆனால் வெளியிலிருந்து ஒரே ஒரு ஷார்ட் சர்க்யூட் வந்தால் செத்துப் போகும். சாகும்போது அது திறந்து கொள்வதும் இல்லை, பெரும்பாலும் ஷார்ட் ஆகிச் சாகும். அதனால் அடுத்ததையும் இழுத்துக் கொண்டு போகும்.

கன்வெர்ட்டர் எந்த அளவு சிறிதாகி, திறமையாகி, மலிவாகியதோ அந்த அளவு அடி தாங்கும் சக்தியை இழந்தது. அந்தச் சுமை முழுக்க வாசலில் இருக்கும் ஸ்விட்ச்கியரின் தலையில் இறங்கியது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்வதாக இருந்தால் இதை வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

1000 கேவிஏ, 415 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று வைப்போம். முழு லோடு கரண்ட் சுமார் 1390 ஆம்பியர். ஷார்ட் ஆனால் அதை 0.05ஆல் வகுக்க வேண்டும், சுமார் 28,000 ஆம்பியர். (கேபிள் தடையை விட்டுவிடுவோம்.)

சூடு என்பது கரண்டின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. ஐ ஸ்கொயர் டி என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்களே, அதுதான். நம் தைரிஸ்டர் தாங்கும் அளவு 1 லட்சம் என்று எடுத்துக் கொள்வோம். பிரேக்கர் 50 மில்லி விநாடியில் திறந்தால் உள்ளே போவது 28,000 × 28,000 × 0.05, சுமார் 3.9 கோடி. தாங்குவதைப் போல 390 மடங்கு! சரி, இன்னும் வேகமான பிரேக்கர், அரை சைக்கிளில், அதாவது 10 மில்லி விநாடியில் நிறுத்துகிறது என்றாலும் 78 லட்சம். 78 மடங்கு. தைரிஸ்டருக்கு இரண்டும் ஒன்றுதான், எப்படியும் சாம்பல்.

காப்பாற்ற வேண்டுமானால் கரண்ட் தன் முழு உச்சத்துக்கு ஏறும் முன்னரே, ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள், அதை மடக்க வேண்டும். இதைச் செய்ய முடிந்தது எது தெரியுமா? மின்சாரத் துறையின் மிகப் பழைய சாமான்களில் ஒன்று.

ஃபீஸ் திரும்பி வந்தது

"ஃபீஸ் போச்சு" என்று நாம் சொல்லும் அதே ஃப்யூஸ். மின்னலிலிருந்து தந்தி நிலையங்களைக் காப்பாற்ற மெல்லிய கம்பியைப் போடலாம் என்று பிரான்சின் பிரெகே 1847லேயே சொன்னார். 1890ல் இங்கிலாந்தில் மோர்டி, ஒரு குழாய்க்குள் உருகு கம்பியை வைத்து அதைச் சுற்றித் தூளை நிரப்பிக் காப்புரிமை வாங்கினார். சிலிக்கான் வந்த பிறகு இந்தப் பழைய யோசனையைத்தான் கூர்மையாக்கினார்கள்.

செமிகண்டக்டர் ஃப்யூஸுக்குள் மெல்லிய வெள்ளிப் பட்டை, அதில் இடையிடையே கழுத்து போல ஒடுக்கமான இடங்கள், சுற்றிலும் குவார்ட்ஸ் மணல். பெரிய கரண்ட் வந்தால் கழுத்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உருகி வரிசையாகப் பல ஆர்க்குகள் தோன்றும். அவற்றின் மொத்த வோல்டேஜ் சப்ளை வோல்டேஜை விட அதிகமாகிக் கரண்டைக் கீழே அழுத்தும். மணல் உருகி சூட்டை உறிஞ்சிக் கண்ணாடியாகும். ஆர்க்கைத் துண்டு துண்டாக நறுக்கும் வேலை இங்கேயும் நடக்கிறது, கவனித்தீர்களா?

இதைத் தேர்வு செய்யும்போது மாட்டிக் கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஃப்யூஸின் மொத்த ஐ ஸ்கொயர் டி தைரிஸ்டருடையதை விடக் குறைவாக இருக்க வேண்டும். ஃப்யூஸ் எழுப்பும் ஆர்க் வோல்டேஜ் தைரிஸ்டர் தாங்கும் ரிவர்ஸ் வோல்டேஜைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் சூட்டிலிருந்து காப்பாற்றி வோல்டேஜால் கொன்ற கதையாகும். கரண்டை ஆர்எம்எஸ்ஸில் பார்க்க வேண்டும்: மூன்று ஃபேஸ் பிரிட்ஜில் டிசி 1000 ஆம்பியர் என்றால் லைனில் 816, ஒவ்வொரு கையிலும் 577. லைனில் போடும் ஃப்யூஸும் கையில் போடும் ஃப்யூஸும் ஒன்றல்ல. கடைசியாக, ஏஆர் வகை ஃப்யூஸ் பெரிய ஷார்ட்டை மட்டுமே பார்த்துக் கொள்ளும். ஒன்றரை மடங்கு ஓவர்லோடு வந்தால் நிறுத்தத் தெரியாமல் தானே வெந்து போகும். அதனால்தான் அதற்கு முன்னால் பிரேக்கர் இன்னும் நிற்கிறது. ஒருவர் வேகத்துக்கு, ஒருவர் பொறுமைக்கு.

காவல்காரன் ரொம்பக் கெடுபிடி செய்தால்?

நயாகராவில் பார்த்த அலுமினியத்துக்கு மறுபடி வருவோம். மேட்டூரில்கூட 1960களில் ஒரு அலுமினிய ஆலை வந்தது, 2008ல் உருக்கு வேலை நின்றது. அந்தத் தொட்டிகளில் உலோகமும் உப்பும் சுமார் 960 டிகிரியில் உருகிக் கிடக்கும். கரண்ட் சில மணி நேரம் நின்றால் எல்லாம் உறைந்துவிடும், அதை உடைத்து எடுத்து மறுபடி தொடங்குவது பெரும் நஷ்டம். அங்கே ஒரு டையோடைக் காப்பாற்ற ஆலையை நிறுத்துவது குருவியைக் காப்பாற்றக் கூரையைக் கொளுத்துவது போல.

அதனால் பெரிய ரெக்டிஃபையர்களில் ஒவ்வொரு கையிலும் பல டையோடுகளை இணையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ், அந்த ஃப்யூஸ் போனதைச் சொல்ல ஒரு மைக்ரோ ஸ்விட்ச். ஒரு டையோடு செத்தால் அதன் ஃப்யூஸ் மட்டும் போகும், அறையில் ஒரு விளக்கு எரியும், ஆலை ஓடிக் கொண்டே இருக்கும். கெட்டதை மட்டும் வெட்டுவது என்ற பழைய ஆனோடு பிரேக்கரின் யோசனைதான் இது.

காண்டாக்டரும் வேக்குவமும்

ஊர்வலத்தில் மிச்சமிருப்பது காண்டாக்டரும் சோக்கும். காண்டாக்டர் ஷார்ட் சர்க்யூட்டை நிறுத்தப் பிறந்ததல்ல, தினசரி திறந்து மூடப் பிறந்தது. நேராக மோட்டாரைத் தொடங்கினால் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், அதற்கு ஏசி-3 வகை காண்டாக்டர் வேண்டும். ஐஜிபிடி டிரைவ் முன்னால் இருந்தால் மோட்டாரை அது மெதுவாகத் தொடங்கும், லைன் பக்கம் அந்த ஆறு மடங்கு தெரியாது. அங்கே பல நேரம் ஏசி-1 கணக்கே போதும். ஆனால் இந்தக் காண்டாக்டரையே ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனாக வைத்துக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறை போடும்போதும் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர் வழியாக நிரம்பும், அடிக்கடி செய்தால் அந்த ரெசிஸ்டர் எரியும். லைன் சோக் கோளாறுக் கரண்டின் ஏற்றத்தைத் தணித்து, ஹார்மானிக்ஸையும் குறைக்கும்.

ஐஜிபிடியில் இன்னொரு விஷயமும் உண்டு. டிசி பக்கம் ஷார்ட் ஆனால் ஐஜிபிடியை அணைத்துப் பயனில்லை, உள்ளே வரும் வழி டையோடுகள், அவை யார் சொல்லையும் கேட்காது. அந்த நேரத்தில் லைன் பக்கம் இருப்பவரை விட்டால் வேறு கதியில்லை.

உயர் வோல்டேஜில் அடிக்கடி திறந்து மூட வேக்குவம் பிரேக்கர் கைகொடுத்தது. கால்டெக்கில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் 1926லேயே வேக்குவத்தில் ஸ்விட்ச் செய்து காட்டினார்கள். வாயு கலக்காத சுத்தமான உலோகம் செய்யத் தெரிந்த பிறகு, 1960களில்தான் அது சந்தைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முறை திறந்தாலும் எண்ணெய் மாற்ற வேண்டாம். ஆனால் அது ஆர்க்கை ரொம்பச் சுறுசுறுப்பாக அணைத்துவிடும். கரண்ட் பூஜ்யத்துக்கு வரும் முன்பே நறுக்குவதால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறும். பழைய ரெக்டிஃபையர் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் புது வேக்குவம் பிரேக்கரை மாட்டுகிறவர்கள் சர்ஜ் அரெஸ்டரும் ஆர்சி ஸ்நப்பரும் வேண்டுமா என்று பார்த்துக் கொள்வது இதனால்தான்.

கடைசியாக

இப்போது பேனல் கதவைத் திறந்தால் அந்த ஊர்வலம் வேறு மாதிரி தெரியும். பிரேக்கர் கேட்பது "எவ்வளவு பெரிய கரண்ட்?" ஃப்யூஸ் கேட்பது "எவ்வளவு சூடு உள்ளே போகலாம்?" காண்டாக்டர் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" ஐசொலேட்டர் கேட்பது, எல்லாவற்றையும் விட முக்கியமானது: "உள்ளே கை வைக்கப் போகிறவர் பத்திரமா?" இந்த நான்கில் எதையாவது கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாதரசக் காலத்து இன்ஜினியர்களும் தைரிஸ்டர் காலத்து இன்ஜினியர்களும் காசு கொடுத்துக் கற்றுக் கொண்டார்கள். நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்: மேலே உள்ள கணக்கில் டிரான்ஸ்ஃபார்மரை 500 கேவிஏ ஆக்கி, இம்பீடன்ஸை அதே 5 சதவீதமாக வைத்துப் போட்டுப் பாருங்கள். 10 மில்லி விநாடி பிரேக்கர் அப்போதாவது தைரிஸ்டரைக் காப்பாற்றுகிறதா? விடையை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திக்கிறேன்.